மூன்று மூடிகள்

சிஸ்டர் மிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீனவர் லஹாரி காலையிலிருந்து இருமியும் டப்பாவின் அடிகூட நனையவில்லை. நிரப்ப வேண்டியதோ மூன்று டப்பா.

கெரெமா கடற்கரையின் அந்தச் சின்ன மருத்துவமனையில் சளி பார்க்கும் இயந்திரம் பழுதாகி வெகுநாள் ஆயிற்று. காசநோய் ஆராய்ச்சிக்கு உலகமே கைகோத்துக்கொண்டதில், அதைப் பழுது பார்க்க யாருக்கும் கை மிச்சமில்லை. டப்பாக்கள் மட்டும் வந்தன. ஆஸ்திரேலியாவுக்குச் சிவப்பு மூடி, ஜப்பானுக்கு வெள்ளை, சுவிட்சர்லாந்துக்கு நீலம். அவர்கள் பார்த்துச் சொன்னால்தான் லஹாரிக்கு மருந்து. மனிதர் வற்றலாகிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குக் கொண்டு போங்கண்ணே. விடிஞ்சதும் இருமினா தானா வரும்" என்று மிரியாவே வழி சொன்னாள். அவள் கணவன் மோரேயாதான் மருத்துவமனைப் படகோட்டி. லஹாரியின் ஊர்க்காரன், தூரத்துச் சொந்தமும்கூட. கூடவே போய்த் தங்கி, மறுநாள் மூன்று டப்பாவையும் நிறையக் கொண்டுவந்து கொடுத்தான்.

முடிவுகள் வந்தன. சிவப்பில் கிருமி இல்லை. வெள்ளையிலும் இல்லை. நீலத்தில் இருந்தது, அதுவும் சாதாரண மருந்துக்கு மசியாத வகை.

மறுபடி அனுப்பச் சொன்னார்கள். மறுபடியும் மோரேயா கூடவே போய் மூன்றையும் நிறையக் கொண்டுவந்தான். அதே முடிவு. ஜப்பான்காரர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று சுவிஸ்காரர்கள் சாடை பேசினார்கள். சுவிஸ் ஆய்வகம் சுத்தமில்லை என்று ஜப்பான்காரர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாக்காரரோ இது அபூர்வ நோயாளி, கட்டுரை எழுதலாம் என்றார். ஒரு பட்டாளத்தின் பெயர் போட்டுக் கட்டுரை தயாரானது. லஹாரிக்கு ஒரு மாத்திரைகூட வரவில்லை.

காணொளிக் கூட்டத்தில் மிரியா வெடித்தாள். "எல்லாருக்கும் அவரோட சளி வேணும். அந்த மனுசன் வேணாமா? செத்துட்டா எந்தக் கலர் மூடி போட்டு அனுப்பட்டும்?"

தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து அடுத்த விமானத்திலேயே மருந்து வந்தது.

உலகத்தையே மண்டியிட வைத்த தோரணையில் மிரியா முதல் மாத்திரையை நீட்டினாள். "முழுங்குங்கண்ணே. நீல மூடிதான் உங்களைக் காப்பாத்துச்சு."

லஹாரி மாத்திரையை வாங்காமல் மனைவியைப் பார்த்தார். வாசலில் பாக்கு மென்றுகொண்டிருந்த அந்த அம்மாள் துப்பிவிட்டு வந்தாள்.

"இவரு எச்சில் சிவப்பு டப்பாவுக்கே சரியாப் போச்சு, சிஸ்டர். கஷ்டத்துக்கு உதவாம சொந்தக்காரங்க எதுக்கு? வெள்ளைய நான் நிரப்பினேன். நீலம் உங்க வீட்டுக்காரரோடது."