ஊரே எழுந்து போன கிராமசபை

கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது, காது கேட்காது. வாய் மட்டும் இரண்டு ஆள் வேலை செய்யும். இதை என் கணவர் கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். பாவம், அரசாங்கத்துக்குத்தான் என்னைக் கொல்லிமலைக்கு ஓவர்சியராக அனுப்பி, கையில் மைக்கையும் கொடுத்த பிறகு தெரிந்தது.

நான் கோவில்பட்டிக்காரி. மலை என்பது தூரத்தில் நீலமாகத் தெரிய வேண்டிய ஒரு பொருள் என்று நினைத்து வளர்ந்தவள். அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் வளைய ஆரம்பித்தால், மேலே போய்ச் சேரும் வரை கண்ணை மூடிக்கொண்டு இயேசுவைக் கூப்பிடுவேன். (அவரும் சலிக்காமல் வருவார்.) இப்படிப்பட்ட என்னைத்தான் மலையில் ரோடு போட அனுப்பியிருந்தார்கள்.

திண்ணனூர் நாட்டில் (மலையில் ஊராட்சியை நாடு என்பார்கள்) ஒரு சின்ன ஊர். ஜீப் ஒரு மேடு வரை போகும். அதற்கப்புறம் ஒற்றையடிப் பாதைதான். முதல் நாள் ஊரைப் பார்க்கப் போனபோது செல்வி என்ற பெண் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். ஆறு மாதக் கர்ப்பிணி.

"மொதப் பையன் பாதையிலயே பொறந்துட்டானுங்க மேடம். தூளி கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. பாதி வழியில எறக்கி வெச்சுட்டு, ஆம்பளைங்க எல்லாம் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாங்க. இதுக்காச்சும் ரோடு வந்துருமுங்களா?"

"வந்துரும் செல்வி. நான் இருக்கேன்ல?" என்றேன், யாரையும் கேட்காமல்.

ஆனால் திட்டத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அந்த ஊரிலேயே சிறப்புக் கிராமசபை கூட்டி, மக்களின் சம்மதத்தைப் பெற வேண்டும். அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து இணை இயக்குநர் நேரிலேயே வருவார். நிதியாண்டு முடியும் மார்ச் நெருங்கிவிட்டதால், அன்றைக்குத் தீர்மானம் ஆகாவிட்டால் எங்கள் ரோடு வேறு ஒன்றியத்துக்குப் போய்விடும். சம்மதம் வாங்குவது எப்படி என்று எனக்குச் சேலத்தில் பயிற்சியே கொடுத்திருந்தார்கள். பெரிய பெரிய தாளில் கலர் பேனாவால் 'மக்கள் பங்கேற்பு' என்று எழுதி, வட்டம் போட்டு, சுண்டல் சாப்பிட்டோம். முடிவில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். கை தூக்க வேண்டும், அதைப் போட்டோ எடுக்க வேண்டும்.

கூட்ட நாளும் வந்தது. இணை இயக்குநர் அம்மா ஒற்றையடிப் பாதையில் ஏறி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அவருக்குப் போர்த்தக் காளப்பநாயக்கன்பட்டியில் வாங்கிய பொன்னாடை என் பையில் இருந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் ஊரே தரையில் உட்கார்ந்திருந்தது. அதுவரை கூட்டமெல்லாம் ஊராட்சியிலேயே பெரிய ஊரின் பள்ளிக்கூடத்தில்தான் நடக்கும். இந்த ஊருக்குள் ஒரு கிராமசபை நடப்பது அதுதான் முதல் தடவை.

தீர்மானத்தைக் கணீரென்று வாசித்தேன். ரோடு எங்கே ஆரம்பிக்கும், யார் யார் காடு வழியாகப் போகும், எங்கே முடியும், எல்லாம். வாசித்து முடித்துக் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, "சம்மதம்னா" என்று ஆரம்பித்தேன்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். அவர் பின்னாலேயே இரண்டு பேர். அப்புறம் ஒரு வரிசை. ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டார்கள். செல்வியும் வயிற்றைப் பிடித்தபடி எழுந்தாள், போயே விட்டாள். கை தூக்க வேண்டிய ஊர் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது, அதுவும் சென்னை அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போது.

"என்னம்மா இது, பகிஷ்கரிப்பா?" என்றார் இணை இயக்குநர்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் என் கண்ணும் காதும் வேலையை நிறுத்தின. மைக்கைப் பிடித்தேன். கோபத்தில் எனக்கு ஊர்ப் பேச்சு வேறு வந்துவிடும்.

"பூராப் பேரும் எங்க போறீய? உங்களுக்காக இந்தக் காட்டுல நாயா அலைஞ்சிருக்கேன். வேண்டாம்னா மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? இனிமே பிரசவம், வயித்துவலின்னு எவளாவது ரோடு கேட்டு வரட்டும், அப்ப பேசிக்கிடுதேன்."

ஒலிபெருக்கி பள்ளத்தாக்கைப் பார்த்து இருந்தது. எதிர்மலையில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் மாட்டை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அவர் வேறு ஊர். அவருக்கும் சேர்த்துத்தான் திட்டு.

அப்போதுதான் கவனித்தேன், மைதானத்தில் ஒரே ஒருவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பொன்னுசாமி என்ற விவசாயி. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஊரே கைவிட்ட ரோட்டுக்கு ஆதரவாக ஒரு மனிதர். பையிலிருந்து பொன்னாடையை உருவி, ஓடிப்போய் அவருக்குப் போர்த்திவிட்டேன். அவர் பதறிப்போய் மரியாதைக்குப் பாதி எழுந்தார். உடனே என்னவோ ஞாபகம் வந்தவர்போல் சட்டென்று உட்கார்ந்துகொண்டார். (என்ன அடக்கம் என்று நான் வியந்தேன்.)

"இந்த ஊர்ல புத்தியுள்ள ஒரே மனுஷர் இவர்தான் மேடம்" என்று மைக்கிலேயே அறிவித்து, அதை அவர் வாயருகே நீட்டினேன். "சொல்லுங்கய்யா. இந்த ரோட்டப் பத்தி உங்க மனசுல இருக்கிறதச் சொல்லுங்க."

பொன்னுசாமி பொன்னாடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு இந்த ரோடு வேண்டாமுங்க. அதுக்குத்தானுங்க உக்காந்திருக்கேன்."

இணை இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதற்குள் செல்வி மூச்சிரைக்கத் திரும்பி வந்திருந்தாள். முகமெல்லாம் சிவந்து, கண் கலங்கியிருந்தது.

"ஏனுங்க மேடம், நாங்க சரின்னுதானுங்க எந்திரிச்சோம். எதுக்குங்க இப்படி வெய்யறீங்க?"

"சரின்னா?"

"சரின்னா எந்திரிச்சுப் போயிருவோமுங்க. ஒப்பலைன்னாத்தான் உக்காந்திருக்கறது. ஒப்புனவங்களுக்கு அப்புறம் அங்க என்னங்க வேலை? காட்டுல வேலை கெடக்குது."

பிறந்ததிலிருந்து நான் அப்படி ஓர் அதிர்ச்சியை அனுபவித்ததில்லை. சம்மதித்த ஊர் முழுவதையும் திட்டித் தீர்த்துவிட்டு, எதிர்த்த ஒரே மனிதருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறேன். அரசாங்கச் செலவில் வாங்கிய பொன்னாடை. பூமி பிளந்தால் போதும் என்றிருந்தது, ஆனால் கொல்லிமலை நல்ல கெட்டியான பாறை.

அதோடு விட்டதா? ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்த ஊரில் பேச்சு முடிந்ததாகக் கணக்கில்லையாம். எல்லோரும் திரும்பி வந்து, அவர் குறை என்ன என்று கேட்க வேண்டுமாம். போன ஊர் திரும்பி வந்து உட்கார்ந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. செல்வி மட்டும் பார்த்தாள், அதுதான் தாங்க முடியவில்லை.

"ரோடு வரட்டுமுங்க, ஆரு வேண்டாங்கறா?" என்றார் பொன்னுசாமி. "அது எம் பலாமரத்து மேலதான் வரோணுமுங்களா?"

இணை இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "மரத்தைப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. செம்மேட்டு ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் நேராக ஒரு கோடு இழுத்திருந்தேன். "படத்துல எல்லாமே பச்சையாத்தான் இருந்துச்சு மேடம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"வளைக்க முடியுமா முடியாதா?"

மரத்தை நேரில் போய்ப் பார்த்தோம். மேல்பக்கம் புறம்போக்கு மேடு. வளைத்தால் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். "வளைச்சிரலாம் மேடம்" என்றேன்.

மறுபடி கோயில் முன்னால் வந்து, மாற்றிய தீர்மானத்தை வாசித்தேன். பொன்னுசாமி தன் பலாமரம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் செல்வியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அவர் எழுந்து, துண்டுக்குப் பதில் பொன்னாடையை ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஊர் அவர் பின்னால் போனது. இணை இயக்குநர் அம்மா அத்தனை முதுகுகளையும் போட்டோ எடுத்தார். 'தீர்மானத்தை ஒருமனதாக ஏற்று மக்கள் கலைந்து செல்லும் காட்சி' என்று அறிக்கையில் போட்டிருந்தது.

நான் அதே மைக்கில் மன்னிப்புக் கேட்டேன். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. எதிர்மலைக்காரர் மட்டும் கையை உயர்த்தி ஆட்டினார்.

என் சர்வீஸில் அந்த ஒரு வேலைதான் சொன்ன வேகத்தில் நடந்தது. மண்ணை வெட்டி, பொன்னுசாமி காட்டில் மரத்தைச் சுற்றி வளைத்து முடித்த சமயம் செல்விக்கு வலி வந்தது. ஜல்லிகூடப் போடவில்லை. ஜீப் குலுங்கிக் குலுங்கி அவள் வாசலுக்கே போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், சுற்றிலும் பெண்கள் இருக்க, பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போன என்னிடம் செல்வி, "அன்னிக்கு மைக்குல வெஞ்சாலும் ரோடு போட்டுட்டீங்க மேடம்" என்றாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

பிறகு எனக்கு நாமக்கல்லுக்கு மாறுதலாகிவிட்டது. இருந்தாலும் வருஷா வருஷம் சீசனில் பொன்னுசாமி அந்த மரத்துப் பழம் ஒன்றைப் பஸ்ஸில் ஏற்றி எனக்கு அனுப்பிவிடுகிறார். என் வீட்டில் அதற்குப் பலாப்பழம் என்ற பெயரே கிடையாது. "அம்மா, ஆட்சேபணை வந்திருக்கு" என்று மகள் வாசலிலிருந்து கத்துவாள். "பெருசா, சின்னதா?" என்று கேட்டுக்கொண்டே என் கணவர் கையில் தடவ எண்ணெயும் அரிவாளும் எடுத்து வருவார். இந்த வருஷத்து ஆட்சேபணை போன வாரம் வந்தது. பக்கத்து வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் பங்கு கொடுத்தும் இன்னும் தீரவில்லை.