ஒரே தட்டலில் டாக்டர்

நம்மிடையே ஒரு ரக மனிதர்கள் இருக்கிறார்கள். ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் செய்ய மாட்டார்கள். அந்த வேலையை ஊர் உலகமெல்லாம் சுலபமாகச் செய்ய ஒரு வழி கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று கிளம்பிவிடுவார்கள். வீட்டைப் பெருக்கு என்றால் துடைப்பத்தின் குறைபாடுகளைப் பற்றிப் பேசுவார்கள். பெருக்க மாட்டார்கள். இவர்களுக்குத் துரிதர்கள் என்று பெயர் வைப்போம். ஏளனம் வேண்டாம், இதை எழுதுகிற கையும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் என்ற கடலோர ஊரில் இருக்கும் லாக்லன் பெத்தரிக் அசல் துரிதன். ஒரு சாயங்காலம் கடலில் குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தவனின் காதைப் பிடித்துத் திருப்பினாள் அவன் மனைவி பிரான்.

"லாக், காதுக்குப் பின்னாடி இது என்ன, கறுப்பா? போன கோடையில இல்லையே! டாக்டர்கிட்ட காட்டு."

"காட்டறேம்மா. நாளைக்கே போன் பண்றேன்."

பண்ணினான். அதைச் சொல்லியே ஆக வேண்டும். கிளினிக்கில் காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டைப் போட்டார்கள், பாட்டு முடிவதற்குள் லைன் அறுந்துவிட்டது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மறுபடி போன் பண்ணுவீர்கள். துரிதன் அப்படிச் செய்வானா? நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தான். "இதுதான் பிரச்னையே! டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கறது இவ்வளவு கஷ்டமா இருக்கக் கூடாது!" என்றான். மறுவாரமே கிளினிக்காரர்களைப் பேசிச் சம்மதிக்கவைத்து, அதற்கென்று ஒரு செல்போன் ஆப் செய்ய உட்கார்ந்துவிட்டான்.

பிறகு ஆரம்பித்தது திருவிழா. வீட்டுச் சுவரெல்லாம் கலர் கலராகச் சீட்டு ஒட்டினான். நோயாளிகளின் வேதனையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று பக்கத்து வீட்டு மெர்வைப் பிடித்து உட்காரவைத்தான்.

"போன்ல காத்திருக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும், மெர்வ்?"

"நல்லாத்தான் இருக்கும். ஸ்பீக்கர்ல போட்டுட்டு டீ போட்டுருவேன். அப்புறம் வரவேற்பு மேஜை ரேலீன் லைன்ல வருவா, அவ நாய் கதையெல்லாம் சொல்லுவா. டாக்டரை யாருப்பா கேட்டா?"

லாக்லன் ஒரு மஞ்சள் சீட்டில் 'காத்திருப்பு: சொல்லொணா வேதனை' என்று எழுதிச் சுவரில் ஒட்டினான்.

மூன்று தட்டலில் நேரம் கிடைக்கும்படி செய்தான். மூன்று அதிகம் என்று இரண்டாக்கினான். இரண்டைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒன்றாக்கினான். அந்த ஒற்றைப் பட்டன் பச்சையா நீலமா என்பதில் ஒரு குளிர்காலமே போயிற்று. ஒவ்வொரு சோதனைக்கும் தன் பெயரையே போட்டு, நேரம் பதிவானதும் கைகொட்டிச் சிரித்து, உடனே ரத்து செய்வான்.

"காது?" என்பாள் பிரான்.

"ஆப் வரட்டும், முதல் ஆளா நான்தான்."

"இன்னைக்குக் காலையிலகூட நேரம் வாங்கினியே! இத்தனை தடவை வாங்கியிருக்க. ஒரு தடவையாவது போயிருக்கலாமில்ல?"

"அது சோதனைம்மா!"

சோதனையாம், சோதனை! உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்குப் பயம். வெயிலில் மாடு மேய்த்தே காலம் தள்ளிய அவன் அப்பா, இப்படித்தான் ஒரு புள்ளி என்று டாக்டரிடம் போய், வெயில் தந்த தோல் புற்றுநோய்க்குப் பாதி மூக்கைப் பறிகொடுத்துத் திரும்பி வந்தார். கண்ணாடி முன்னால் நின்று காதை வளைத்துப் பார்ப்பான் லாக்லன். உடனே ஓடிப்போய்ப் பட்டனை இன்னும் கொஞ்சம் அழகாக்குவான். ஊர் முழுவதையும் டாக்டரிடம் விரட்டப் பாடுபட்டவன், தான் மட்டும் அங்கே போகாமலிருக்கத்தான் அத்தனை பாடும் பட்டான்.

ஆப் வெளிவந்த அன்று கிளினிக்கில் லாமிங்டன் கேக்கும் டீயும் வைத்துக் கொண்டாடினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். பிரான் மட்டும் தட்டவில்லை. "இப்பப் பண்ணு, என் கண்ணு முன்னாடி," என்றாள்.

தட்டினான். ஒரே தட்டல். திரையில் வந்தது: 'மன்னிக்கவும், லாக்லன். அடிக்கடி நேரம் வாங்கி ரத்து செய்பவர்களுக்கு இந்த வசதி இல்லை.' அவனே எழுதிய விதி, அவனே தேர்ந்தெடுத்த எழுத்து.

அவன் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே! பரீட்சை தள்ளிப்போன பையன்கூட அவனிடம் தோற்றான். "பாத்தியா? என்னை உள்ள விடமாட்டேங்குது. ரெண்டு வாரம் குடு, சரிபண்ணிடறேன்."

பிரானின் கண் கலங்கியதைப் பார்த்து, லாமிங்டனைக் கீழே வைத்தாள் வரவேற்பு மேஜை ரேலீன். "உள்ள பேஷண்ட் யாருமில்ல கண்ணு, டாக்டரும் டீதான் குடிச்சிட்டிருக்காங்க. நட," என்று அவன் முழங்கையைப் பிடித்தாள். கிளினிக் கதவுக்கும் டாக்டர் அறைக்கும் நடுவே எட்டு அடி எடுத்து வைத்தால் போதும். அந்தத் தூரத்தை அவன் அளந்து பார்த்ததே இல்லை.

டாக்டர் ஹுவாங் விளக்கைப் பிடித்துக் காதுக்குப் பின்னால் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது எப்பலேருந்து இருக்கு?"

"குளிர்காலத்துக்கு முன்னாடியே இருந்தது."

"அப்பவே வந்திருந்தா ஊசி போட்டுக் கிள்ளி எடுத்திருப்பேன். இப்ப காதுல ஒரு துண்டு போகும். அதுக்கு மேல பரவியிருக்கான்னு வெட்டிப் பாத்தாத்தான் தெரியும். ஏம்ப்பா, அப்படி என்ன வேலை உனக்கு?"

லாக்லன் சொல்லாமல் இருக்க முடியாமல் சொன்னான்: "உங்களைச் சீக்கிரமா பாக்கறதுக்கு வழி பண்ணிட்டிருந்தேன், டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. பிரான் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீங்கள் சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. ஆமாம், உங்கள் வீட்டில்கூட ஏதோ ஒன்றை டாக்டரிடம் காட்டச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்களே, நீங்களும் இதோ இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வருகிறேன் என்றீர்களே? படித்தாயிற்று.