பணியாரமும் பர்மாச் சத்தமும்

இன்றைக்கு ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று அழகுசுந்தரம் பல் துலக்கும்போதே முடிவெடுத்துவிட்டார். காரைக்குடியில் அவ்வளவு பெரிய வீட்டுக்குச் சொந்தக்காரர், கூட்டாளிகளோடு சீட்டாடப் பெண்டாட்டியைக் கேட்க வேண்டுமா?

பிரச்சினை இதுதான். தினமும் சாயங்காலம் முகப்பில் சீட்டு நடக்கும். ஆட்டம் முடியும்வரை உள்ளிருந்து பணியாரமும் காப்பியும் வந்துகொண்டே இருக்க வேண்டும். "இனிமே ஆறு மணிக்கு அடுப்ப அணைச்சுருவேன். காலு கடுக்குது" என்று மனைவி சிட்டாள் ஆச்சி நேற்றுச் சொல்லிவிட்டார். "ஆட்டமும் நிக்காது, அடுப்பும் அணையாது" என்று இவரும் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு நாலடி தள்ளி நின்றுகொண்டார் என்பது வேறு விஷயம்.

அன்று வீட்டில் கண்காட்சி வேறு. ரேணுகா என்ற கலைஞர், ஆச்சியின் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களை, வீட்டு நடுமுற்றமான வளவு முழுக்கக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். பக்கத்திலேயே கரண்டிகள். வருகிறவர்கள் தட்டிப் பார்க்கலாம். விளக்கம் சொல்லும் பொறுப்பை அழகுசுந்தரம் தானாகவே எடுத்துக்கொண்டார்.

"என்னண்ணே, பாத்திரக்கடை போட்டுட்டீகளா?" என்றார் சீட்டுக் கூட்டாளி முத்துராமன்.

"கலையப்பா, கலை! நம்மாளுக கொண்டுவிக்கப் போன பர்மா இருக்குல்ல? அங்க பட்டாளம் ஆட்சியப் புடிச்சுருச்சு. சனங்க கையில துப்பாக்கியா இருக்கு? வீட்டுக்கு வீடு பாத்திரத்தத் தட்டுனாக. அந்தச் சத்தம்தான் இது."

ரேணுகாவே தலையசைத்தார். கூட்டம் கைதட்டியது. அதோடு அழகுசுந்தரம் நிறுத்தியிருக்கலாம்.

"இந்தச் சத்தம் கேட்டா, அதிகாரத்துல இருக்கவன் மரியாதையா எந்திரிச்சுப் போயிரணும். தட்டாதன்னு வாயத் தொறந்தான்னா அவன் சர்வாதிகாரி!"

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார் ஆச்சி.

கல்யாணமான நாளிலிருந்து சிட்டாள் அவரை எதையும் இரண்டாம் தடவை சொல்லச் சொன்னதே இல்லை. அழகுசுந்தரத்துக்குப் பெருமை தாங்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு இன்னும் உரக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு விசாலி அதைச் செல்போனில் படம்பிடித்துக்கொண்டாள்.

மணி ஆறு. சீட்டைக் கலைத்துப் போட்டுவிட்டு, "பணியாரம் எங்க?" என்று குரல் கொடுத்தார்.

ணங்!

பின்னாலேயே அண்டா, தவலை, தூக்குவாளி எல்லாம் சேர்ந்து அலறின. உள்ளே ஓடினார். ஆச்சி, விசாலி, தெருப் பெண்கள் எல்லார் கையிலும் கரண்டி.

"ஏய், தட்..." என்று ஆரம்பித்தவர், விசாலியின் செல்போனைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

"என்னமோ சொல்ல வந்தீக?" என்றார் ஆச்சி.

"சாமான் நசுங்கும்னு சொல்ல வந்தேன். எல்லாத்தையும் கழட்டப் போறேன். இது என் வீடு!"

"வீடு உங்களுதுதேன். சாமானத் திருப்பிப் பாருங்க."

திருப்பினார். சீர்ச் சாமானில் பெண்ணின் பெயரை வெட்டித்தான் கொடுப்பார்கள். அண்டாவில் சிட்டாள். தவலையில் சிட்டாள். மாமனார் கரண்டியைக்கூட விட்டுவைக்கவில்லை.

"இருந்தாலும் ஆட்டம் நடக்கும்!" என்று உறுதியாகச் சொல்லிவிட்டு முகப்புக்கு வந்தார். கூட்டாளிகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கப்பா கெளம்பிட்டீக?"

"நீங்கதானண்ணே, சத்தம் கேட்டா மரியாதையா எந்திரிச்சுப் போகணும்னீக" என்றார் முத்துராமன்.

மறுநாள் காலை வளவில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. தொங்கும் பாத்திரங்களுக்கு நேர் கீழே அவருடைய சீட்டு மேசை, அதைச் சுற்றி வெறும் நாற்காலிகள், மேசைமேல் ஒரு காலித் தட்டு. ஆச்சி யோசனை சொல்ல, ரேணுகா வைத்தது. 'பதவி இழந்தவர்கள்' என்று அட்டையும் எழுதி மாட்டியிருந்தார்.

அமராவதிபுதூரிலிருந்து வந்திருந்த டீச்சர் ஒருவர் கேட்டார். "நீங்கதான் நல்லா வெளக்கம் சொல்லுவீகளாம்ல. இதுக்கு என்னங்க ஐயா அர்த்தம்?"

அழகுசுந்தரம் தொண்டையைச் செருமினார். நெஞ்சை நிமிர்த்தினார். அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"ஆச்சியக் கேட்டுச் சொல்றேன்."