குளிப்பாட்டும் உரிமை

மகன் தன்னை அப்பா என்று ஒத்துக்கொள்ளும்வரை ஓய்வதில்லை என்று லாரிக்காரர் சபதம் எடுத்தார். இருந்ததோ பத்து நாள் லீவு. எட்டு மாதப் பிள்ளையோ அவர் மீசையைக் கண்டாலே அழுது வீட்டை இரண்டாக்கினான்.

குளிக்கும்போது மட்டும் சிரிப்பான். ஆனால் மீசையைக் கண்டு அழுவான் என்று குளியலறைக்குள் மனைவி அவரை விடமாட்டாள். கதவுக்கு வெளியே நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டே மனுஷன் ஏங்கிப் போனார்.

நேர்வழி அடைத்தால் சுற்றுவழி. அவர் லாரி கிளீனர் எப்போதோ சொன்ன சங்கதி கைகொடுத்தது.

"நீ பையனைச் சரியாக் கழுவுறதில்ல. ஆம்பளப் பிள்ளைக்கு முன்தோலை நல்லா இழுத்துவிட்டுக் கழுவணும். இதெல்லாம் ஆம்பளைக்குத்தான் தெரியும். இனிமே நான் குளிப்பாட்டுறேன்."

"யாரு சொன்னா?"

"கிளீனர்."

"அவருக்கு எத்தனை பிள்ளைங்க?"

"இன்னும் கல்யாணம் ஆகல."

மனைவி வாதாடவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்து, புருஷனை ஊர் ஆஸ்பத்திரி நர்ஸம்மா முன்னால் நிறுத்தினாள்.

"இழுக்கவே கூடாது," என்றார் நர்ஸம்மா. "இந்த வயசுல தோல் ஒட்டித்தான் இருக்கும். வருஷம் போகப் போக தானா விலகும். இழுத்தா புண்ணாகும். வெளியில தண்ணி ஊத்திக் கழுவினாப் போதும். நுனி சிவந்து வீங்கினாலோ, ஒண்ணுக்குப் போறப்ப அழுதாலோ இங்க கூட்டிட்டு வாங்க."

"உள்ளே சோப்பு..."

"வேண்டாம். விலகின பிறகு அவனே கழுவக் கத்துக்கட்டும். அதுவரைக்கும் நீங்க கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

லாரிக்காரருக்கு மூக்கு உடைந்தது. ஆனால் வீடு திரும்பும் வழியில் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"இவ்வளவு அக்கறை இருக்குல்ல? நாளையிலிருந்து நீங்களே குளிப்பாட்டுங்க," என்றாள் மனைவி.

குளிப்பாட்டினார். முதல் நாள் ஒரே அழுகை. மூன்றாம் நாள் மீசையைப் பிடித்து இழுத்தான். ஐந்தாம் நாள் அவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினான். லாரிக்காரர் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

லீவு முடிவதற்கு முதல் நாள் மனைவி குளிப்பாட்டப் போனாள். பிள்ளை அப்பாவைத் தேடிக் கத்தினான்.

"நாளன்னைக்கு இவனை யாரு குளிப்பாட்டுறது?" என்றாள். "நானும் எத்தனை மாசந்தான் வாசலையே பார்த்துட்டு இருப்பேன்?"

அவர் பிள்ளையை வாங்கித் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். உள்ளூர் வண்டிக்கு மாற்றல் கேட்டு முதலாளிக்கு விண்ணப்பம். எல்லாம் அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. கீழே அவர் கையெழுத்துக்கு மட்டும் இடம்.

லாரிக்காரர் ஈரக் கையோடு கையெழுத்துப் போட்டார். பிறகுதான் மேலே இருந்த தேதியைப் பார்த்தார்.

அவர் லீவில் வந்து சேர்வதற்கு முந்தின நாள்.