ஆமிக்குப் பயந்து லண்டன் வந்த மருமகன்

அன்புள்ள தியாகராஜா அத்தான் அவர்களுக்கு,

லண்டன் பிளேஸ்டோவிலிருந்து உங்கள் மச்சான் வாமதேவன் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. டோர்ட்முண்டில் நீங்களும் யோகமலர் அக்காவும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். எங்கள் சுகம் கொஞ்சம் நீளமான கதை, அதைக் கீழே எழுதுகிறேன். இந்தக் காலத்தில் எவன் தபால் எழுதுவான் என்று நினைப்பீர்கள். போன் எடுத்தால் அக்கா உங்களிடமிருந்து பறித்து வாங்கி அழத் தொடங்கிவிடுகிறா. அழுகிற அக்காவோடு வழக்காட எனக்கு ஏலாது.

உங்கள் மகன் துஷாந்தனுக்குப் பதினெட்டு வயதானதும் ஜெர்மன் அரசாங்கம் ஒரு வினாக்கொத்து அனுப்பியது. உடம்பு எப்படி, பட்டாளத்தில் சேர விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். விருப்பமில்லை என்று நிரப்பி அனுப்பினால் இப்போதைக்கு அலுவல் முடிந்தது. அக்கா என்ன செய்தா? பெடியனை விமானத்தில் ஏற்றிவிட்டு எனக்குப் போன் எடுத்தா. "தம்பி, நாளைக்கே குரோய்டனுக்குக் கூட்டிக்கொண்டு போய் அசைலம் அடிச்சுவிடு." அத்தான், குரோய்டன் அகதி விண்ணப்பக் கந்தோரில் ஜெர்மன் பாஸ்போர்ட்டை நீட்டி, ஜெர்மனிக்குப் பயமாயிருக்கிறது என்று சொன்னால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சிரிப்பாரா, டாக்டரைக் கூப்பிடுவாரா? ஒரு காலத்தில் அதே குரோய்டனில் குளிரில் வரிசையில் நின்றவன் நான். அம்மா என்னை யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பியதும் இதே வேகத்தில், இதே பயத்தில்தான். அதனால் அக்காவை வாய்விட்டுப் பேசவும் மனம் வரவில்லை. எல்லாவற்றையும் உங்களிடம் கொட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தி பரவிவிட்டது. என் மனைவி சிவனேஸ்வரியின் தங்கை டென்மார்க்கில் இருக்கிறா. அங்கே இப்போது பெண்பிள்ளைகளையும் சீட்டுக் குலுக்கிப் பட்டாளத்துக்கு எடுக்கிறார்களாம். அவவின் மகள் கீர்த்திகா மூன்று சூட்கேஸோடு வாசலில் வந்து நிற்கிறாள். சின்ன அறை அவளுக்கு, சோபா துஷாந்தனுக்கு, காலையில் குளியலறைக்கு முன்னால் எல்லாருக்கும் அணிவகுப்பு. சுவிசிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் சொந்தங்கள் இடம் இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். எந்த நாட்டில் எத்தனை டாங்கி, எவன் எத்தனை வீதம் பாதுகாப்புக்குச் செலவழிக்கிறான் என்பது நம் சனத்துக்கு இப்போது நகை விலை மாதிரி மனப்பாடம்.

இதற்குள் கீர்த்திகா ஒரு வார்த்தையை அவிழ்த்துவிட்டாள். அவசரத்துக்கு மூன்று நாளுக்கான சாப்பாடும் தண்ணீரும் வீட்டில் வைத்திருக்கும்படி டென்மார்க்கில் சொல்லியிருக்கிறார்களாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் குடும்பம் நடத்தியவளுக்கு மூன்று நாள் என்றால் சிரிப்பு. சிவனேஸ்வரி மூன்று மாதத்துக்கான சாமானை டூட்டிங் தமிழ்க் கடைகளிலிருந்து இறக்கினாள். என் கட்டிலுக்குக் கீழே பருப்பு, அலுமாரிக்குள் மண்ணெண்ணெய் விளக்கு, கோட் மாட்டும் இடத்தில் அரிசி மூட்டை. சுடுதண்ணீர் பொயிலர் திருத்த வைத்திருந்த காசு முழுக்க இதில் போய்விட்டது. பாதுகாப்புக்கே முதலிடம் என்று அரசாங்கங்கள் சொல்வதன் அர்த்தம் பச்சைத் தண்ணீரில் குளித்தபோதுதான் எனக்கு விளங்கியது. கேட்டால், "குளிச்சுக்கொண்டே சண்டை பிடிக்கப் போறியள்?" என்கிறாள்.

நல்லதையும் சொல்லவேண்டும். மத்தியானம் வரை போர்த்திக்கொண்டு கிடந்த என் மகன் லக்‌ஷன், துஷாந்தன் வந்த பிறகு விடியவே எழும்பி அவனோடு பார்க்கில் ஓடுகிறான். மழை பெய்தாலும் ஓடுகிறான். வந்து நிலத்தில் தண்டால் எடுக்கிறான். உங்கள் வளர்ப்பு, அத்தான்.

ஆனாலும் தயவுசெய்து வந்து உங்கள் மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் ஓடி வந்தது சரி, ஊரில் குண்டு விழுந்தது. டோர்ட்முண்டில் வீட்டு வாசலில் தபால்தானே விழுந்தது. இருக்கிற நாட்டின் மேல் கொஞ்சம் நம்பிக்கை வேண்டும் என்று அக்காவுக்கு எடுத்துச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், நான் பதறுகிறேனா?

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் குறைய எங்கள் பிரார்த்தனை.

இப்படிக்கு,
பணிவுள்ள மச்சான்
வாமதேவன்

பி.கு.: கடித உறையை ஒட்டப்போகும்போது லக்‌ஷன் வந்து முன்னால் நின்றான். ஓடியதெல்லாம் பட்டாளத்துத் தேர்வுக்காம். ரிசர்வ் படையில் எடுத்துவிட்டார்களாம். "சனி ஞாயிறு மட்டும்தான், அப்பா" என்கிறான். துணைக்குப் போன துஷாந்தனும் கேட்டுப் பார்த்திருக்கிறான், ஜெர்மன் பாஸ்போர்ட் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிவனேஸ்வரி அரிசி மூட்டையில் இருந்தவள் இன்னும் எழும்பவில்லை. அத்தான், மேலே எழுதிய எதையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டவேண்டாம். துஷாந்தன் இங்கேயே இருக்கட்டும், அவனுடைய அறை அங்கே சும்மாதானே கிடக்கிறது. அக்கா கடும் வருத்தத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறா என்று சொல்லி வெள்ளிக்கிழமை லக்‌ஷனை விமானம் ஏற்றுகிறேன். அவன் வந்ததும் அக்காவை அழச் சொல்லுங்கள், அது அவவுக்கு நன்றாக வரும். டோர்ட்முண்டில் அசைலம் அடிக்கிற கந்தோர் எந்தப் பக்கம் என்றும் கேட்டு வையுங்கள்.