கறியப்பம் சுற்றிய பிரசங்கம்

டொக். டொக். டொக்.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஒரு காட்டில், விடிந்தும் விடியாமலும் இந்தச் சத்தம் கேட்கும். யாரோ கதவு தட்டுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். புத்தக வியாபாரி டோபியாஸ் முள்ளம்பன்றி அச்சுத் தாள்களை மடித்து, மரச்சுத்தியால் அடித்துப் படிய வைக்கிறார்.

அந்தக் காலத்தில் விளம்பரம் என்றால், புத்தகத்தின் முதல் தாளைக் கம்பத்தில் ஆணியடித்து மாட்டுவது. டோபியாஸுக்கு ஆணி எதற்கு? முதுகு முட்களில் குத்திக்கொண்டு சந்தையைச் சுற்றி வருவார். மிருகங்கள் பின்னாலேயே நடந்து படிக்கும்: 'நல்ல சாவுக்கு நாற்பது படிகள். அருளியவர் ஆந்தைப் பாதிரியார்.' படித்துவிட்டு, "சரி, தெரிந்துகொண்டோம்" என்று போய்விடும்.

விற்காத தாள்கட்டுகள் கூரையை முட்டின. புத்தக வியாபாரிகள் சங்கத் தலைவர் ஓநாய் வந்து பார்த்தார்.

"ஓய் டோபியாஸ், சந்தை முடிவதற்குள் இதெல்லாம் காலியாகாவிட்டால் உம்ம கடைப்பலகையை இறக்கிவிடுவேன். தொப்பிக்கடையாவது வரட்டும்."

"ஞான நூல் ஐயா. மெதுவாகத்தான் போகும்."

"நீர் வேகமாகப் போய்விடுவீர்."

பலகை போனால் பிழைப்பு போச்சு. அவருக்கு வேறு தொழில் தெரியாது. விற்காத புத்தகம் அப்பம் சுற்றப் போவதுதான் அன்றைய வழக்கம். அழாத குறையாக, ஒரே ஒரு பிரதியை ஒளித்துவைத்துக்கொண்டு, மீதியை எதிர்க்கடை மார்ஜரி நரியிடம் தள்ளிவிட்டார். அவள் கறியப்பம், அதாவது கறி அடைத்துச் சுட்ட அப்பம், விற்பவள். என்ன கறி என்று அந்தக் காட்டில் யாரும் கேட்பதில்லை.

மறுநாள் ஓர் அணில், அப்பம் சுற்றிய தாளோடு, வாயைத் துடைத்துக்கொண்டு அவளிடம் ஓடிவந்தது. "அக்கா, பன்னிரண்டாம் படியில் 'ஆகவே பாவியே, நீ' என்று தாள் முடிந்துபோச்சு. பாவி என்ன செய்யணும்?"

"எனக்கென்ன தெரியும்? இன்னொரு அப்பம் வாங்கிப் பாரு."

வாங்கியது. முப்பதாம் படி வந்தது. மறுபடி வாங்கியது. சாயங்காலத்துக்குள் வரிசை ஆற்றங்கரை வரை போய்விட்டது. வயிறு நிறைந்தவர்கள்கூட பாவியின் கதி தெரியாமல் நகர மறுத்தார்கள். ஒரு கிழப் பெருச்சாளி தின்றே செத்தது. நல்ல சாவுதான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

டோபியாஸுக்கு மனசு கேட்கவில்லை. ஒளித்துவைத்த பிரதியோடு வரிசைக்கு ஓடினார். "இதோ, நாற்பது படியும் இதில் இருக்கு. ஒன்றுகூட விடுபடவில்லை."

அணில் அதை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. "கறி வாசமே இல்லையே அண்ணே. திருட்டுப் பதிப்பா?"

ஓநாய் வந்தபோது கடை காலி. பலகை தப்பியது. ஆந்தைப் பாதிரியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் எழுத்துக்காகக் காடே காத்து நிற்கிறதே. இரண்டாம் பதிப்பு போடும்."

"போடலாம் ஐயா," என்றார் டோபியாஸ். "இந்தத் தடவை அப்பத்தின் அளவுக்கு."

புதுத் தாள்கள் வந்து இறங்கின. அவர் முதுகிலிருந்த பழைய தாளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, உட்கார்ந்து, மடிக்கத் தொடங்கினார்.

டொக். டொக்.

நீதி: ஞானம் எவ்வளவு ஆறிப்போயிருந்தாலும் பரவாயில்லை, கறி சூடாக இருக்க வேண்டும்.