அண்ணன் தலைக்கு நான் அளவெடுத்த கதை

லேடீஸ் டெய்லர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் "பிரிச்சுத் தச்சிரலாம்" என்று தோன்றும். எனக்கு அந்த வியாதி முற்றி, கூடப்பிறந்த அண்ணன் தலையிலேயே கைவைக்கிற அளவுக்குப் போய்விட்டது. அன்று நடந்ததை எங்கள் சொந்தக்காரர்கள் அவரவர் இஷ்டத்துக்குச் சொல்லிவிட்டார்கள். குற்றவாளி தரப்பிலிருந்து சொல்வது இதுதான் முதல் தடவை.

தாராவியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு தையல் மிஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, வாசலில் 'மெர்ஸி லேடீஸ் டெய்லர்' என்று ஒரு போர்டு. மெர்ஸி நான்தான். அப்போது எனக்கு வயது இருபத்தைந்து. மாட்டுங்காவிலிருந்து ஆண்டாப் ஹில் வரைக்கும் என்னைப்போல ஜாக்கெட் தைக்க ஆள் கிடையாது என்று ஒரு நினைப்பு. (யாரும் அப்படிச் சொன்னதில்லை. நானாகவே கண்டுபிடித்தது.)

என் அண்ணன் எட்வின் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்திரண்டு வயதிலேயே உச்சந்தலை முழுக்க வழுக்கை. இரண்டு காதுக்கு மேலும் கொஞ்சம் முடி, அவ்வளவுதான். "ஹெல்மெட் போட்டுப் போட்டுத்தான் கொட்டிச்சு" என்பான். எங்கள் அப்பாவுக்கும் இதே தலைதான் இருந்தது, அவர் ஹெல்மெட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பதை நாங்கள் யாரும் அவனிடம் சொல்வதில்லை.

தலையைப் பார்த்துவிட்டே இரண்டு இடம் தட்டிப்போனது. மூன்றாவதாக வந்தவள் பியூலா. அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸில் வீடு, அப்பா அங்கே டெக்னீஷியன், இவள் பள்ளிக்கூட டீச்சர். இந்தத் தடவை நான் உஷாராகிவிட்டேன். ஐந்து வருஷத்துக்கு முந்தைய போட்டோ ஒன்றை, சுருட்டை முடியோடு அவன் சிரிக்கிற போட்டோவை, அனுப்பிவைத்தேன். நேரில் பார்க்கலாம் என்று அவர்கள் கேட்டபோதெல்லாம், அண்ணனுக்கு லீவு இல்லை என்று நிச்சயம் வரைக்கும் தள்ளிப்போட்டேன். இரண்டு பேரும் இரண்டு மாதம் போனில் பேசினார்கள். போனை வைத்த பிறகும் அண்ணன் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பான். அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை. அவள் வீடியோ காலில் வந்தால் மட்டும் ஓடிப்போய் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "சைட்ல இருக்கேன்" என்பான்.

ஒருநாள் என்னிடம் வந்து நின்றான். "சொல்லிருதேன் மெர்ஸி. நல்ல பிள்ளையாத்தான் இருக்கா."

"ரெண்டு இடம் போனது பத்தாதா? கல்யாணம் முடியட்டும், பெறவு சொல்லு."

"பெறவு சொல்ல என்னட்டி இருக்கு? பாத்தாலே தெரியும்லா!"

"அப்ப நீ சொல்லவே வேண்டாம்னு ஆச்சு. விடு."

தலையைத் தடவிக்கொண்டே போய்விட்டான். இப்போது யோசித்தால் அந்த வாதத்துக்கு யாராலும் பதில் சொல்ல முடியாதுதான்.

செம்பூரில் விக் செய்கிறவர் ஒருவர் இருந்தார். (எங்கள் அம்மா கடைசிவரைக்கும் அதை 'டோப்பா' என்றுதான் சொன்னாள்.) ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அண்ணனோ, "கடைக்குள்ள நுழையுதத எவனாவது பாத்தா?" என்று மறுத்துவிட்டான். சரி, வீட்டிலேயே அளவெடுத்து வாட்ஸப்பில் அனுப்புங்கள் என்றார். தலையைச் சுற்றி ஒரு அளவு, நெற்றியிலிருந்து பிடரி வரை ஒன்று, காதுக்குக் காது ஒன்று. "மேடம், ஜித்னா ஹை, உத்னா ஹீ" என்று இரண்டு தடவை சொன்னார். இருக்கிற அளவை மட்டும் எழுத வேண்டுமாம். எனக்குச் சுருக்கென்றது. பத்து வருஷமாக டேப்பும் கையுமாக இருக்கிறவளுக்கு இவர் பாடம் எடுக்கிறார்!

எந்த ஜாக்கெட்டானாலும் உள்ளே ஒரு இஞ்ச் துணி விட்டுத்தான் தைப்போம். கல்யாணம் ஆனால் உடம்பு போடும், பிரித்துவிட இடம் வேண்டும். அண்ணனுக்கும் கல்யாணம்தானே ஆகப்போகிறது? மூன்று அளவிலும் ஒரு இஞ்ச் கூட்டினேன். துவைத்தால் சுருங்குமே என்று மேற்கொண்டு ஒரு அரை இஞ்ச். கல்யாணத்துக்குப் பிறகு ஒருவனுக்கு மண்டையும் போடுமா என்று அந்த நேரத்தில் எனக்கு ஒரு கேள்விகூட எழவில்லை.

விக் கடைக்காரர் போன் செய்தார். "மேடம், இத்னா படா ஸர்?"

இவ்வளவு பெரிய தலையா என்று கேட்கிறார். "எங்க குடும்பத்துல எல்லாருக்குமே பெரிய தலைதான்" என்று இந்தியில் பெருமையாகச் சொல்லி வைத்தேன்.

நிச்சயத்தன்று காலையில்தான் விக் வந்தது. அழகென்றால் அப்படியொரு அழகு. அண்ணன் மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தான். அம்மா சமையல்கட்டிலிருந்து கூப்பிட்டாள். திரும்பினான். தலை திரும்பியது, முடி திரும்பவில்லை.

"ஏட்டி, இது எந் தலைக்கா, பானைக்கா?"

"சும்மா கெட. ஆல்ட்ரேஷன் இல்லாம எதாவது உண்டா?"

உள்ளே சின்னதாக இரண்டு பட்டி இருந்தது. கடைசி ஓட்டை வரைக்கும் இழுத்தும் தொளதொள. பின்பக்கம், ஜாக்கெட்டுக்குப் பிடிக்கிற மாதிரி இரண்டு மடிப்புப் பிடித்துத் தைத்தேன். பிடரி ஓரத்தில் எலாஸ்டிக் கொடுத்து, இரண்டு நுனியையும் சேர்க்க ஒரு ஜாக்கெட் கொக்கி வைத்தேன். அவசரத்தில் கொக்கியின் வாய் வெளியே பார்த்து நின்றது. முடி மறைத்துவிடும் என்று விட்டுவிட்டேன். முன்பக்கம் ஒட்டுவதற்கு டேப் கொடுத்திருந்தார்கள். தோல் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டுமாம். அண்ணனுக்கோ பயத்தில் வேர்த்து ஊற்றியது. அரை டப்பா பவுடரை அவன் மண்டையில் கொட்டி, அதன்மேல் டேப்பை ஒட்டினேன். டேப் நன்றாகவே ஒட்டியது, பவுடரில்.

சாயங்காலம் நான்கு மணிக்குப் பியூலா வீடு. ஐம்பது பேர் இருப்பார்கள். எங்கள் சபை ஐயரும் வந்திருந்தார். (திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குப் பாதிரியார் என்றால் ஐயர்தான்.) அவருடைய வெள்ளை அங்கியில் வலது கை ஓரம் பிரிந்து நூல் தொங்கியது. நிச்சயம் முடிந்ததும் தைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வியாதி என்று சொன்னேனே.

அதுவரைக்கும் அண்ணன் கழுத்தைத் திருப்பாமல் முழு உடம்போடு திரும்பிச் சமாளித்தான். "மாப்பிள்ள என்ன ஒரு மரியாத" என்றுகூட ஒரு பெரியம்மா சொன்னாள். பாட்டுப் பாடினார்கள், வசனம் வாசித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. ஐயர் எழுந்து, "மாப்பிள்ளையும் பொண்ணும் வந்து முழங்கால்படியிடுங்க" என்றார்.

கர்த்தாவே! பிறந்ததிலிருந்து எத்தனை நிச்சயத்துக்குப் போயிருப்பேன். ஐயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார் என்பது எனக்கு எப்படி மறந்தது?

எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. ஐயரின் இடது கை பியூலா தலையில், வலது கை அண்ணன் தலையில். எங்கள் ஐயர் சும்மா ஜெபிக்கிறவர் அல்ல, உருகி ஜெபிக்கிறவர். "ஆசீர்வதியும்!" என்று ஒரு அழுத்து. வகிடு கால் அங்குலம் நகர்ந்தது. "வழிநடத்தும்!" என்று இன்னொரு அழுத்து. வகிடு இடது காதைப் பார்த்துப் போனது. ஐயர் இரண்டு குடும்பத்துக்கும் ஜெபித்தார், வியாதியஸ்தருக்கு ஜெபித்தார், மும்பை மழைக்கும் ஜெபித்தார். பிடரியில் இருக்க வேண்டிய கொக்கி மெல்ல ஊர்ந்து வலது நெற்றிக்கே வந்துவிட்டது. அண்ணனின் ஒரு கண்ணை முடி மூடிவிட்டது. அந்தக் கண்ணோரமாகப் பவுடர் கலந்த வேர்வை கோடாக இறங்கியது.

ஆமென் சொல்வதற்குள் திருப்பி வைத்துவிடலாம் என்று முழங்காலாலேயே நகர்ந்து போனேன். ஒரு கை தூரம்தான் பாக்கி. நிமிர்ந்தால், பியூலா கண்ணைத் திறந்து அண்ணனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? உதட்டில் விரலை வைத்து, "உஷ்" என்று சைகை காட்டினேன். யாரை ஏமாற்றுகிறோமோ அவளிடமே!

"ஆமென்!" என்று ஐயர் இரண்டு கையையும் உயர்த்தினார். தொங்கிய நூலில் கொக்கி மாட்டிக்கொண்டு விக்கும் கூடவே உயர்ந்தது. ஐயர் கண்ணைத் திறக்காமலே அப்படியும் இப்படியும் கையை அசைத்து, அங்கிருந்த அத்தனை பேருக்கும் விக்கோடு ஆசீர்வாதம் கூறி முடித்தார். கண்ணைத் திறந்து, கையில் தொங்குவதைப் பார்த்ததும், "ஏசப்பா!" என்று ஒரு அலறல்.

பியூலாவின் அப்பா எழுந்துவிட்டார். "போட்டோவுல முடி இருந்துச்சே?"

"அது... பழைய போட்டோ அண்ணாச்சி" என்றாள் அம்மா.

"எங்கள என்ன கேனயன்னு நெனச்சியளா?"

"இல்ல மாமா, போன மாசம் ஒரு காய்ச்சல் வந்து..." என்று நான் ஆரம்பித்தேன்.

"மெர்ஸி, போதும்" என்றான் அண்ணன். எழுந்து நின்றான். கைக்குட்டையால் தலையை ஒருமுறை துடைத்தான். "காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாலு வருஷமா இப்பிடித்தான் இருக்கேன். சொல்லாதது எந் தப்பு." என்னை அவன் காட்டிக்கொடுக்கவே இல்லை. எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. அந்தத் தலைக்காக வெட்கப்பட்டவள் நான்தானே? அவன் சொல்கிறேன் என்றுதான் வந்தான்.

"நாந்தான் மாமா போட்டோ அனுப்புனேன்" என்று அழுதுகொண்டே சொன்னேன். "அவன் சொல்லணும்னான். நாந்தான் வேண்டாம்னேன்."

பியூலா இன்னும் முழங்காலில்தான் இருந்தாள். "முடி இல்லாதது எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் அண்ணனைப் பார்த்து. "ரெண்டு மாசமா பேசுதோம். ஹெல்மெட்ட மாட்டிட்டு எங்கிட்டயே நடிச்சியளே, அதுதான் கஷ்டமா இருக்கு. வேற என்னெல்லாம் மறச்சிருக்கிய?"

அண்ணன் லிஃப்ட்டில் பழுது பார்க்கிற மாதிரியே யோசித்து யோசித்து ஒவ்வொன்றாகச் சொன்னான். "இந்தப் பல்லு கட்டுனது. நீச்சல் தெரியும்னேன், தெரியாது. நீங்க பாடி அனுப்புன பாட்ட முழுசா கேட்டேன்னேன், பாதிதான் கேட்டேன். கத்தரிக்கா பிடிக்கும்னு சொன்னதும் பொய்தான்."

"பாதிதான் கேட்டியளா?"

"லிஃப்ட்டுல சிக்னல் போயிட்டு. பெறவு கேக்க மறந்துட்டேன்."

பியூலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அப்பா, நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டு ஐயரிடம் திரும்பினாள். "ஐயரே, இன்னொரு தடவ ஜெபிக்கணும். முதல்ல ஜெபிச்சது அந்த டோப்பாவுக்குல்லா போச்சு."

ஐயர் வெறும் தலையில் கைவைத்து இரண்டாவது முறை ஜெபித்தார். இந்தத் தடவை நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அழுகை நிற்கவே இல்லை.

பியூலா எனக்கு மதினியாகி இரண்டு வருஷம் கழித்து என் நிச்சயம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மும்பைப் பக்கத்துக் கல்யாண் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். எனக்குப் பட்டுச்சேலை, தலை நிறைய பூ, இடுப்பு வரைக்கும் சடை. ஐயர் கையைத் தூக்கினார். "ஒரு நிமிஷம் ஐயரே" என்று மதினி நடுச்சபையில் எழுந்தாள். என் சடையைப் பிடித்துத் தூக்கி மாப்பிள்ளைக்குக் காட்டினாள். "இதுல தோள் வரைக்கும்தான் இவளுது. மிச்சம் சவுரி. எங்க வீட்டுல எல்லாத்தையும் முன்னாலயே சொல்லிருவோம்."

வீடே இடிந்துவிழுகிற மாதிரி சிரிப்பு. ஐயர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு அடி பின்னால் போனார். என் தலைக்கு நல்ல உயரத்தில் கையை நிறுத்தி, படாமலே ஜெபித்து முடித்தார். இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை என்று வந்தால் என் வீட்டுக்காரர் சொல்வது ஒன்றுதான்: "உன்னச் சொல்லி என்னட்டி செய்ய? ஆசீர்வாதம் உனக்கு வந்து சேரவே இல்லியே!"